நரம்பு பிடிச்சதா, சதை பிடிச்சதா? தசைநார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிப்பது என் தொழில். வகுப்புக்குள் வரும் கேள்விகள் ஒரு மாதிரி. வகுப்பு முடிந்து பிள்ளையை ஏற்ற வரும் பெற்றோர் படலையடியில் நின்று கேட்பவை வேறு மாதிரி. "சேர், இரவில கெண்டைக்கால் நரம்பு இழுத்துப் பிடிக்குது, என்ன செய்யிறது?" என்பதுதான் எப்போதும் முதலிடம். இரண்டு வகையையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். முதல் ஐந்தாறு பதிலை விடாமல் வாசியுங்கள், மற்றவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன. அப்புறம் வேண்டியதை வேண்டிய இடத்தில் பார்க்கலாம்.

சதை, தசைநார், நரம்பு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. எங்கள் பேச்சில் 'நரம்பு' என்ற சொல்லுக்கு வேலை கூடிப்போய்விட்டது. புறங்கையில் நீலமாகத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது இரத்தம் ஓடும் நாளம். குதிக்காலுக்கு மேலே கயிறு மாதிரித் தட்டுப்படுவதையும் நரம்பு என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டிவைக்கும் நாண். இரவில் இழுத்துப் பிடிப்பதும் நரம்பு என்கிறோம், அது தசை. உண்மையான நரம்பு எது என்று தெரியவேண்டுமென்றால், முழங்கையின் உட்பக்கத்தைக் கதவில் இடித்துக்கொண்ட நாளை நினைத்துப் பாருங்கள். சின்னவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல ஓடுமே, அங்கே அடிபட்டதுதான் நரம்பு.

தசை இழுக்கும் உறுப்பு. அதற்குள் இருக்கும் உயிருள்ள நூல் ஒவ்வொன்றும் ஒரு தசைநார். "இழு" என்று அதற்குச் சொல்லி அனுப்பும் வயர்தான் நரம்பு. சொல் குழம்பினால் வைத்தியமும் குழம்பும். கால் சோர்வுக்கு 'நரம்புக் குளிசை' என்று விற்றமினை மாதக்கணக்கில் விழுங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது நடை.

இந்தியப் புத்தகத்தில் செல், திசு என்று இருக்கிறது. நீங்கள் கலம், இழையம் என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. நாங்கள் படித்தது கலம், இழையம். தமிழில் மருத்துவச் சொல் ஆக்கும் வேலை இங்கே பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, அதற்காக உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கியவர். உடற்கூற்றுக்கு அப்போது 'அங்காதிபாதம்' என்று பெயர். இன்றைக்கு அதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தசைநாரைக் கண்ணால் பார்க்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமைச் சட்டியிலேயே பார்க்கலாம். நன்றாக அவிந்த ஆட்டுத் தொடை இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து, குழம்பைக் கழுவிவிட்டு, இரண்டு விரலால் நீளவாக்கில் பிரியுங்கள். நூல் நூலாக வரும். வருவது தனி நார் அல்ல, நார்களின் கட்டு. அந்தக் கட்டை ஊசி முனையால் இன்னும் பிரித்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற இழை ஒன்று மிஞ்சும். அதுதான் தசைநார், அல்லது அதற்கு மிகக் கிட்டியது. ஒரு நாரின் தடிப்பு 10 முதல் 100 மைக்கிரோமீற்றர். தலைமயிர் அளவு, பலவேளை அதிலும் மெல்லியது. ஆனால் நீளம் பல சென்ரிமீற்றர் போகும்.

கட்டுகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நார்களைச் சேர்த்துப் பிடிக்கும் தொடுப்பிழையம். தசையின் இரண்டு நுனியிலும் அதுவே திரண்டு நாணாகி எலும்பில் போய்ப் பிடிக்கிறது. இறைச்சியை நாருக்குக் குறுக்கே வெட்டினால் மெல்ல இலகு, நீளவாக்கில் வெட்டினால் பல்லில் சிக்கும் என்பது எந்த அம்மாவுக்கும் தெரியும். உடற்கூற்றுப் பாடத்தின் முதல் அத்தியாயம் அது.

பனைமட்டையில் உரிக்கும் நாரோடு இதை ஒப்பிடுவார்கள். பார்வைக்குச் சரி. ஆனால் பனைநார் செத்த இழை. தசைநார் ஒவ்வொன்றும் மூச்செடுக்கும் ஓர் உயிர்க்கலம்.

இவ்வளவு நீளமானது ஒரே கலமா?

ஒரே கலம்தான். ஆனால் ஒரு கலம் தனியாக வளர்ந்து அப்படி ஆனதல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போதே பல சிறு கலங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு நாராகிவிடுகின்றன. அதனால்தான் ஒரு நாருக்குள் நூற்றுக்கணக்கான கலக்கருக்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கின்றன. கலக்காமல் தனித்து நின்ற சில சிறு கலங்கள் நாரின் மேலே ஒட்டிக்கொண்டு தூங்கும். நார் காயப்பட்டால் எழும்பிவந்து திருத்தும். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இவற்றைக் கண்டறிந்தார்.

நாருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு நாரை உரித்தால் உள்ளே ஆயிரக்கணக்கில் நுண்நார்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். நுண்நார் ஒன்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கருமையும் வெளிறலுமாக வரிவரியாகத் தெரியும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வெங்காயத் தோட்டம்தான் ஞாபகம் வரும்: வரம்பு, பாத்தி, வரம்பு, பாத்தி. ஒரு பாத்தியின் பெயர் சார்கோமியர். நீளம் ஏறத்தாழ 2.5 மைக்கிரோமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் நுண்நாரில் நாலாயிரம் பாத்தி நிற்கிறது.

பாத்திக்குள் இரண்டு வகை இழை. இரண்டு பக்க வரம்பிலிருந்தும் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது மெல்லிய இழை, அக்டின். நடுவில் கிடப்பது தடித்த இழை, மயோசின். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. வேலை முழுக்க அந்தத் தலைகளில்தான்.

தசை சுருங்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இதைத்தான் அதிகம் பேர் பிழையாக எழுதுகிறார்கள். "இழைகள் சுருங்குகின்றன" என்று எழுதினால் புள்ளி இல்லை. இழை எதுவும் சுருங்குவதில்லை.

கப்பிக் கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறீர்களா? கயிற்றை ஒரு கையால் பிடித்து இழுக்கிறோம், மற்றக் கையால் மேலே பிடிக்கிறோம், முதல் கையை விடுகிறோம், திரும்பவும் பிடிக்கிறோம். வாளி மேலே வருகிறது. கயிறு ஒரு அங்குலமும் குறையவில்லை, கையும் குறையவில்லை. கயிறு எங்களைக் கடந்து வந்தது, அவ்வளவுதான். மயோசின் தலை கை, அக்டின் கயிறு. தலை அக்டினைப் பிடித்து மடங்கும், அக்டின் நடுவை நோக்கிக் கொஞ்சம் நகரும். விட்டுவிட்டு அடுத்த பிடி. ஒரு இழுவையில் நகரும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் லட்சத்தில் ஒரு பங்குதான். நடுவில் நிற்பவர்கள் இரண்டு பக்கக் கயிற்றையும் இழுப்பதால் இரு வரம்பும் கிட்ட வரும், பாத்தி ஒடுங்கும். ஆயிரக்கணக்கான பாத்திகள் ஒரே நேரத்தில் ஒடுங்கினால் உங்கள் முழங்கை மடங்கும்.

எல்லாக் கையும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டால் வாளி கிணற்றுக்குள் போய்விடும் இல்லையா? தலைகளும் அப்படித்தான், மாறிமாறித்தான் விடும்.

இந்த விளக்கம் 1954இல் வந்தது. அன்ட்ரூ ஹக்ஸ்லி, ரொல்ஃப் நீடர்கேர்க்கே ஒரு பக்கம். ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹன்சன் மறுபக்கம். இரண்டு குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்து, ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் எழுதினார்கள். இரண்டு ஹக்ஸ்லிக்கும் உறவு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அண்ணன் தம்பி என்று எழுதிவிடுகிறார்கள்.

தசையால் தள்ள முடியாதா?

முடியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். நீங்கள் கதவைத் தள்ளும்போது மேற்கையின் பின்பக்கத் தசை முழங்கையை இழுத்து நிமிர்த்துகிறது. மடக்க ஒன்று, நிமிர்த்த ஒன்று என்று சோடி சோடியாகத்தான் தசைகள் இருக்கின்றன.

"இழு" என்ற கட்டளை நாருக்கு எப்படிப் போகிறது?

முள்ளந்தண்டுக்குள்ளிருந்து வரும் நரம்பு நாரின் மேல் வந்து முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி. நரம்பு அங்கே அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சிந்தும். அது பட்டதும் நாரின் மேலே ஒரு மின் அலை ஓடும். உள்ளே பைகளில் அடைத்து வைத்திருந்த கல்சியம் திறந்துவிடப்படும். அக்டினில் மயோசின் பிடிக்கும் இடங்களை ஒரு புரத நூல் மூடிக்கொண்டிருக்கிறது. கல்சியம் வந்தால் அது விலகும். அப்புறம் மயோசின் தன் வேலையைத் தொடங்கும். கட்டளை நின்றதும் கல்சியம் திரும்பப் பைக்குள் இறைக்கப்படும், தசை தளரும்.

ஒரு நரம்புக் கலம் ஒரே ஒரு நாரை ஆள்வதில்லை, நார்களின் ஒரு குழுவையே ஆள்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்புக் கலத்துக்குப் பத்து நார் அளவில்தான் இருக்கும், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கு மேல். அதனால்தான் கண் அவ்வளவு நுணுக்கமாகத் திரும்புகிறது. கனம் குறைந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எல்லாக் குழுவும் வேலை செய்வதில்லை. நல்லூர்த் தேர் வடத்தில் சிலர் மூச்சு வாங்க, சிலர் இழுப்பார்களே, அந்த மாதிரி முறை மாறும். தேர் சேற்றில் இறங்கினால்தான் அத்தனை பேரும் சேருவார்கள்.

ஜிம்முக்குப் போன முதல் மூன்று நாலு கிழமையில் சதை பெருக்காமலே பலம் கூடுவதும் இதனால்தான். நார் இன்னும் வளரவில்லை. கூடுதல் குழுக்களை ஒன்றாகக் கூப்பிட நரம்பு பழகிவிட்டது.

இறந்தவரின் உடல் ஏன் விறைக்கிறது?

செத்தவீட்டில் பெரியவர்கள் முதல் வேலையாக நாடியைக் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். அதில் அனுபவ அறிவு இருக்கிறது: சில மணித்தியாலத்தில் தசை இறுகிவிடும், பிறகு வாய் மூடாது.

மயோசின் தலை அக்டினைப் பிடிப்பதற்கு அல்ல, விடுவதற்குத்தான் ஏ.ரி.பி. என்ற சக்திப் பொருள் வேண்டும். உயிர் போனால் ஏ.ரி.பி. தீரும், கல்சியமும் பையை விட்டுக் கசியும். கைகள் கயிற்றைப் பிடிக்கும், விட வழியில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் உச்சமாக இருந்து, புரதங்கள் சிதையத் தொடங்கியதும் தளரும். எங்கள் வெக்கையில் இது இன்னும் கெதியாக நடக்கும்.

சூரை மீன் ஏன் சிவப்பு, விளைமீன் ஏன் வெள்ளை?

இந்தக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு நான் கை தட்டினேன். சூரை ஓயாமல் நீந்தும் மீன். நீண்டநேரம் உழைக்கும் நாருக்கு ஒட்சிசன் வேண்டும். அதை நாருக்குள்ளேயே சேமித்து வைக்கும் புரதம் மயோகுளோபின். அதன் நிறம் சிவப்பு. விளைமீன் பாறையடியில் ஒதுங்கியிருந்து, தேவைப்பட்டால் ஒரு பாய்ச்சல் பாயும். அந்த நார் வேகமானது, கெதியாகக் களைப்பது, வெளிறியது. பாரையை வெட்டும்போது தோலுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு கருஞ்சிவப்புக் கோடு ஓடுவதைக் கவனியுங்கள். மெதுவாக நீந்தும் வேலை அந்தக் கோட்டுக்கு, பாயும் வேலை மற்ற வெள்ளைச் சதைக்கு.

கோழியிலும் இதே கதை. நாள் முழுக்க நின்று நடக்கும் கால் கருமை. எப்போதாவது மதிலுக்குப் பறக்கும் நெஞ்சு வெள்ளை. தொண்டைமானாற்றுப் பக்கம் வந்திறங்கும் பூநாரைகளுக்கு நெஞ்சுத் தசையே சிவப்பு, அவை கடல் தாண்டிப் பறப்பவை. இறைச்சிப் பையில் தேங்கும் சிவப்புத் தண்ணீரும் பெரும்பாலும் இரத்தம் அல்ல, மயோகுளோபின் கரைந்த நீர்.

மனிதருக்கு எந்த வகை?

எல்லாம் கலந்துதான். ஒரே தசைக்குள் மெதுநாரும் விரைவுநாரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கெண்டைக்காலின் உள்ளே ஆழமாக இருக்கும் தசையில் பெரும்பகுதி மெதுநார். திருவிழாவில் மணிக்கணக்கில் நிற்க வைப்பது அதுதான். இமையைச் சிமிட்டும் தசையில் விரைவுநார் அதிகம். விகிதத்தில் பெரும்பங்கு பிறப்போடு வருகிறது. பயிற்சியால் விரைவுநாரைக் களைப்புத் தாங்கப் பழக்கலாம், மெதுநாரை விரைவுநாராக்குவது மிகக் கடினம்.

நூறு மீற்றர் ஓடுபவர் ஏன் மரதனில் அதே வேகத்தில் ஓட முடியாது?

நாரில் தயாராக இருக்கும் ஏ.ரி.பி. இரண்டு மூன்று செக்கனுக்குத்தான் காணும். ஏ.ரி.பி.யைத் திரும்ப ஆக்கித் தரும் கையிருப்பான கிரியற்றின் பொஸ்பேற்று இன்னொரு பத்துச் செக்கன் தள்ளும். அதற்குமேல் குளுக்கோசை ஒட்சிசன் இல்லாமல் உடைத்து ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டலாம். நீண்ட தூரத்துக்கு ஒட்சிசனும், கலத்துக்குள் அதைக் கொண்டு சக்தி ஆக்கும் இழைமணியும்தான் வழி. அது நின்று நிதானமாகத்தான் சக்தி தரும்.

மறுநாள் உடம்பு நோவது இலற்றிக் அமிலத்தாலா?

இல்லை. இந்தப் பிழையான விளக்கம் சாகமாட்டேன் என்கிறது. குளுக்கோசை ஒட்சிசன் இல்லாமல் உடைக்கும்போது உண்டாவது அது. வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் அளவிலேயே இரத்தத்தில் அதன் அளவு வழமைக்குத் திரும்பிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சமாகும் நோவு, நாருக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களாலும் அதைத் திருத்த வரும் அழற்சியாலும் வருவது.

எங்கள் ஊர் தட்டை. ஏறி இறங்க மேடே இல்லை. பிள்ளைகள் சுற்றுலாவில் சிவனொளிபாதமலைக்குப் போய் 2243 மீற்றர் உச்சியைப் பார்த்துவிட்டு வந்தால், திங்கட்கிழமை ஒருவரும் ஒழுங்காகக் கதிரையில் இருக்கமாட்டார்கள். கேட்டால் "ஏறினது சேர்" என்பார்கள். குற்றவாளி இறங்கினது. படியில் இறங்கும்போது தொடையின் முன்தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. வாளியைக் கையால் தடுத்துத் தடுத்துக் கிணற்றுக்குள் இறக்குவது மாதிரி. கயிறு உள்ளங்கையை உரிப்பது அப்போதுதான். கொஞ்சம் நடங்கள், மூன்று நாலு நாளில் போய்விடும். அடுத்த முறை அதே மலை அவ்வளவு நோகாது.

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால்?

காலை நீட்டி, பெருவிரலை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், அல்லது எழும்பிப் பாதம் முழுவதையும் நிலத்தில் ஊன்றி நில்லுங்கள். ஒரு நிமிடத்தில் விடும். இங்கே ஊர்ச்சொல்லுக்குப் பாதி நியாயம் இருக்கிறது: பிடிப்பது தசை, ஆனால் நிறுத்தாமல் கட்டளை அனுப்பித் தொல்லை கொடுப்பது நரம்பு. களைப்பு, வயது, கர்ப்பம், சில குளிசைகள், வியர்த்துத் தண்ணீர் குறைதல் எல்லாம் காரணமாகலாம். உப்புக் குறைவு ஒன்றுதான் காரணம் என்று சொல்லிக் கரண்டி உப்பை வாயில் போடாதீர்கள், முக்கியமாகப் பிரஷர் உள்ளவர்கள்.

சுளுக்குக்கு எண்ணெய் போட்டு வழிக்கலாமா?

சுளுக்கில் பெரும்பாலும் அடிபடுவது தசைநார் அல்ல, மூட்டில் எலும்பையும் எலும்பையும் கட்டும் 'இணையம்' என்ற பட்டி. முதல் இரண்டு நாள் வீக்கத்தின் மேல் அழுத்தி வழிக்க வேண்டாம். கால் ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே.

உடற்பயிற்சியை விட்டால் சதை கொழுப்பாக மாறுமா?

மாறாது, அவை இரண்டும் வேறு வேறு கலம். பயிற்சியில் நாரின் எண்ணிக்கை கூடுவதாகச் சொல்ல முடியாது. உள்ளே நுண்நார்கள் கூடி நார் தடிக்கிறது. விட்டால் மெலிகிறது. சாப்பாடு மட்டும் அப்படியே இருந்தால் அதே இடத்தில் கொழுப்பு சேரும். பார்ப்பவருக்கு மாறினது போலத் தெரியும்.

எவ்வளவு கெதியாக மெலியும் என்பது எனக்கு என் காலிலேயே தெரியும். சைக்கிளால் விழுந்து ஆறு கிழமை பிளாஸ்ரர் போட்டிருந்தேன். வெட்டித் திறந்த அன்று இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று என்னுடையது, மற்றது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையுடையது. பழைய சுற்றளவுக்கு வர நாலைந்து மாதம் எடுத்தது.

வயது போனவர்களுக்குப் பலம் குறைவது இயல்புதானே?

கொஞ்சம் இயல்பு. முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறையும், அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். முதலில் மெலிவது விரைவுநார். தடக்கி விழப்போகும்போது சட்டென்று காலை முன்வைக்க வேண்டிய நாரும் அதுதான். ஆனால் மிச்சத்தை நாங்களே கெடுக்கிறோம். அப்புவை மரியாதையாகச் சாய்மனைக்கதிரையில் இருத்தி, தேத்தண்ணியையும் பேப்பரையும் கையில் கொடுத்து, "நீங்கள் எழும்பாதேங்கோ" என்கிறோம். கப்பி போய் மோட்டர் வந்ததிலிருந்து கைக்கும் வேலை இல்லை.

ஒரு சோதனை: கைபிடி இல்லாத கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 15 செக்கனுக்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும். வைத்தியம் பெரும்பாலும் அதே சோதனைதான், தினமும் சில தரம். எண்பது வயது நாரும் பயிற்சிக்குத் தடிக்கும்.

இதயமும் தசைதானே, அது ஏன் களைப்பதில்லை?

ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அடிக்கிறது. அதன் கலங்கள் குட்டையானவை, கிளைவிட்டவை, ஒன்றோடொன்று பூட்டினது போல இணைந்தவை. ஒன்றில் பிறந்த மின் அலை எல்லாவற்றுக்கும் பரவும். இடத்தில் மூன்றிலொரு பங்கு இழைமணி. ஒட்சிசன் இருக்கும்வரை களைக்காது, இல்லாவிட்டால் நிமிடங்களில் திணறும். மாரடைப்பில் இறந்த பகுதி பெரும்பாலும் திரும்ப வளராது, தழும்பாகிவிடும்.

குடல், இரத்தக்குழாய், கருப்பை போன்றவற்றில் இருப்பது மூன்றாம் வகை, மழமழப்பான தசை. வரி இல்லை, உங்கள் சொல்லும் கேட்காது. மார்கழிக் குளிரில் திருவெம்பாவைக்கு எழும்பும்போது மயிர்க்கூச்செறிவது இதன் வேலை. பல் கிடுகிடுப்பது எலும்புத்தசை சூடு உண்டாக்கும் வேலை.

புரதத் தூள் வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். சாதாரண ஆளுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம் புரதம். 60 கிலோ என்றால் 48 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. பயறு, பருப்பு, உழுந்து இருக்கின்றன. வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் கேட்டுச் செய்யுங்கள்.

கொலஸ்ரோல் குளிசை போட்டபிறகு சதை நோகிறது. விடலாமா?

நீங்களாக விடாதீர்கள், தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவையோ குளிசையையோ மாற்றுவார். சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நார் பெருமளவில் உடைந்து மயோகுளோபின் சிறுநீரில் வருகிறது என்று அர்த்தம். அது சிறுநீரகத்தை அடைக்கும்.

பாம்பு கடித்தவருக்குக் கண் ஏன் செருகுகிறது?

நிலத்தில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும் எட்டடி விரியனின் நஞ்சு, நரம்பு நாரோடு சந்திக்கும் அந்த இடைவெளியைத் தாக்குகிறது. நார் நன்றாகத்தான் இருக்கிறது, கட்டளை வந்து சேரவில்லை. முதலில் இமை விழும், பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை. கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் அநேகமாக இராது. அதனால் "ஒன்றுமில்லை" என்று விடியும்வரை காத்திருக்கிறார்கள்.

வலையிலிருந்து எடுக்கும்போது கடிக்கும் கடற்பாம்பு வேறு மாதிரி: அதன் நஞ்சு நாரையே உடைக்கிறது. சில மணித்தியாலத்தில் உடம்பு முழுக்க அசைக்க முடியாத நோவு, சிறுநீர் கருமை. இரண்டிலும் கட்டு இறுக்குவது, கீறி இரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட ஆளை நடக்க விடாமல், அந்தக் கை காலை ஆட்டாமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.